ரேம்பில் ஏதாவது ஆகிவிட்டால்

கடலுக்குள் படகுக்கு ஏதாவது ஆனால் காற்றின் மீதோ அலையின் மீதோ பழியைப் போடலாம். படகை நீரில் இறக்கி ஏற்றும் ரேம்பில் ஆனால் அந்த வசதி கிடையாது. அங்கே நடப்பவற்றில் பெரும்பாலானவை சின்னச் சின்ன வேலைகள் வரிசை மாறிப்போவதால் வருபவை: முன்கூட்டியே கழற்றிய கொக்கி, கழற்ற மறந்த பட்டை, போட மறந்த தக்கை, இழுக்க மறந்த ஹேண்ட்பிரேக். அவை வராமல் தடுப்பதைப் பற்றியும் இந்த அத்தியாயத்தில் உண்டு. ஆனால், வந்த பிறகு முதல் இரண்டு நிமிடங்களில் என்ன செய்வது என்பதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். முதல் தவறு பெரும்பாலும் காசோடு போய்விடும். அதைச் சரிசெய்யப் பதறிப்போய்ச் செய்யும் அடுத்த காரியத்தில்தான் கை முறிகிறது, கால் நசுங்குகிறது.

ஆஸ்திரேலியாவில், குறிப்பாக விக்டோரியாவில், நான்கரை ஐந்து மீட்டர் நீளமுள்ள அலுமினியப் படகை காருக்குப் பின்னால் இழுத்துச் செல்பவரை மனத்தில் வைத்து எழுதியது இது. கனடாவிலோ நியூசிலாந்திலோ இருப்பவர்கள் சட்டம் சார்ந்த எண்களை மட்டும் தங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். பாசி எல்லா நாட்டிலும் ஒரேமாதிரிதான் வழுக்கும்.

கீழே இறங்கும் முன்

பெரிய ரேம்புகள் எல்லாவற்றிலும், சரிவுக்கு மேலே படகைத் தயார் செய்வதற்கென்று தனி இடம் ஒதுக்கியிருப்பார்கள். அதைத் தாண்டிக் கீழே போய்விட்டு அங்கே தூண்டிலையும் ஐஸ்பெட்டியையும் எடுத்து அடுக்குபவரைப் பார்த்துப் பின்னால் நிற்பவர்கள் ஹார்ன் அடிப்பார்கள். அடிக்கத்தான் செய்வார்கள். நவம்பர் தொடக்கத்தில், மெல்பர்ன் கப் விடுமுறையை ஒட்டிய நாட்களில், ஸ்னாப்பர் மீன் பிடிக்க விடியும் முன்பே பேட்டர்சன் ரிவர், ஹேஸ்டிங்ஸ் போன்ற இடங்களில் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். முதல் படகை வாங்கியவர் அந்த நாட்களில் போய்ப் பழகுவது நல்ல யோசனை அல்ல. காற்றில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகலில் போங்கள். பின்னால் பத்து வண்டி நிற்கிறது என்ற கூச்சம்தான் மனிதர்களை வரிசை மாற்றிச் செய்ய வைக்கிறது.

மேலே நின்று முடிக்க வேண்டியவை: படகின் பின்பக்கத்தை டிரெய்லரோடு கட்டியிருக்கும் பட்டையைக் கழற்ற வேண்டும். படகின் வடிகால் துளைக்கான தக்கையை முறுக்கிப் போட வேண்டும். மோட்டார் தூக்கியபடி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். படகின் மூக்கில் நீளமான கயிறு ஒன்றைக் கட்ட வேண்டும். டிரெய்லரின் விளக்குக்கு மின்சாரம் போகும் பிளக்கைப் பிடுங்க வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் பட்டதும் பழைய பல்பு வெடிக்கும், ஃபியூஸும் போகும். முன்பக்க வின்ச் பட்டையையும் பாதுகாப்புச் சங்கிலியையும் மட்டும் இங்கே தொடவே கூடாது. அவை படகின் பின்பாகம் தண்ணீரில் மிதக்கத் தொடங்கிய பிறகுதான் கழல வேண்டும்.

பின்பட்டையை மறந்தவர் படும் பாடு வேறு வகை. படகு மிதக்க மறுக்கும். ஆழம் போதவில்லை என்று நினைத்து அவர் இன்னும் பின்னால் போவார். கார் சக்கரம் நனையும், படகின் பின்பாகம் டிரெய்லரோடு சேர்ந்து அமிழும், பின்சுவரின் மேலாகத் தண்ணீர் உள்ளே வரும். எவ்வளவு ஆழம் போயும் மிதக்காத படகைப் பார்த்தால் முதலில் நினைவுக்கு வர வேண்டியது பட்டைதான். உடனே முன்னால் இழுத்து வெளியே வாருங்கள். தண்ணீருக்குள் இடுப்பளவு நின்று கொக்கியைத் தேடாதீர்கள்.

நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓடிவந்த டிரெய்லரின் சக்கர பேரிங் சூடாக இருக்கும். அந்தச் சூட்டோடு குளிர்ந்த நீரில் இறக்கினால் ஹப்புக்குள் இருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, ரப்பர் சீல் வழியாக உப்புத் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில வாரம் கழித்து நெடுஞ்சாலையில் சக்கரம் கழன்று ஓடும்போது தெரியும். மேலே தயார் செய்யும் கால் மணி நேரம் ஹப் ஆறுவதற்கும் சேர்த்துத்தான். அப்போது ஹப்பின் மேல் கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டால் அந்த பேரிங் ஏற்கெனவே கெட்டுப்போயிருக்கிறது, அல்லது பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

பின்னோக்கி ஓட்டும் பயிற்சியை முந்தைய அத்தியாயத்தில் பார்த்துவிட்டோம். இங்கே ஒன்றே ஒன்று: காரும் டிரெய்லரும் மடங்கத் தொடங்கினால் ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்டாமல் முன்னால் போய் நேராக்கிக்கொண்டு மறுபடி வாருங்கள். எத்தனை முறை வேண்டுமானாலும்.

படகு கான்கிரீட்டில் விழுந்தால்

சங்கிலியை மேலேயே கழற்றியவருக்கு நடப்பது இது. உருளைகள் வைத்த டிரெய்லரில் படகை நிறுத்திவைத்திருப்பது அந்தச் சங்கிலியும் வின்ச் பட்டையும் மட்டும்தான். சரிவில் இறங்கியதும், ஒருமுறை பிரேக்கைத் தட்டினால் போதும், படகு சத்தமில்லாமல் பின்னால் நழுவி, பெருஞ்சத்தத்தோடு தரையில் இறங்கும்.

நழுவும்போது பக்கத்தில் நிற்பவரின் கை தானாகவே அதைத் தடுக்கப் போகும். மோட்டாரும் பெட்ரோலும் சேர்த்து அரை டன்னைத் தாண்டும் பொருள் அது. யாராலும் தடுக்க முடியாது. உங்களோடு வருபவர்களிடம், குறிப்பாகப் பிள்ளைகளிடம், முன்பே சொல்லிவையுங்கள்: படகு நகர்ந்தால் பக்கவாட்டில் விலகு, பின்னால் நிற்காதே, தொடாதே.

விழுந்தாயிற்று. இனி அவசரம் என்று ஒன்றுமில்லை. விழுந்த படகு விழுந்த இடத்திலேயே கிடந்தால் அதற்கு மேல் கெடாது. வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள், அவ்வளவுதான். காரின் ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். படகு மேலும் கீழே சறுக்க வாய்ப்பிருந்தால் மூக்குக் கயிற்றை நங்கூரத்தூணிலோ கைப்பிடிக் கம்பியிலோ சுற்றிக் கட்டுங்கள். பிறகு மோப்பம் பிடியுங்கள். பெட்ரோல் வாடை வந்தால் சாவியைத் திருப்பக் கூடாது, மின்பம்பைப் போடக் கூடாது, சிகரெட் பிடிப்பவரை அப்பால் அனுப்ப வேண்டும்.

மறுபடி ஏற்றுவதற்கு எளிய வழி தண்ணீர்தான். பின்பாகம் நீர்விளிம்பிலிருந்து ஓரிரு மீட்டரில் இருந்து, கடலும் ஏறிக்கொண்டிருந்தால், பக்கத்து வழித்தடத்தை மற்றவர்களுக்கு விட்டுவிட்டுக் காத்திருங்கள். படகு தானே மிதக்கும். மேட்டில் விழுந்திருந்தால் நாலு பேர் வேண்டும். மூக்கைத் தூக்கிப் பிடித்து, கடைசி உருளை அதற்கடியில் வரும்வரை டிரெய்லரை அங்குலம் அங்குலமாகப் பின்னால் கொண்டுவந்து, வின்ச்சைக் கொக்கிபோட்டுச் சுற்ற வேண்டும். படகின் ஓரத்தில் தொங்கவிடும் காற்றடைத்த ஃபெண்டர்களை அடித்தண்டுக்குக் கீழே படுக்கவைத்தால் உருட்டுக்கட்டையாகவே வேலை செய்யும். ரேம்பில் எப்போதும் நாலு பேர் கிடைப்பார்கள். ஹார்ன் அடித்தவர்தான் பெரும்பாலும் முதலில் வருவார்.

வின்ச்சைச் சுற்றும்போது ஒரு எச்சரிக்கை. பற்சக்கரத்தைப் பிடித்திருக்கும் நாக்கு நழுவினால் கைப்பிடி விசிறிபோலத் திருப்பிச் சுழலும். அதைப் பிடிக்க நினைத்த கைதான் உடையும். விட்டுவிட்டு ஒதுங்குங்கள். இழுபட்டிருக்கும் பட்டைக்கு நேர்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. இரும்புக் கம்பி சுற்றிய பழைய வின்ச் என்றால், இந்த சீசனிலேயே அதைக் கழற்றி நைலான் பட்டைக்கு மாறிவிடுங்கள். அறுந்த இரும்புக் கம்பி எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது.

ஏற்றிய பிறகு அன்றைக்கு மீன்பிடிக்கப் போகலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். போகாதீர்கள். அலுமினியத்தில் நசுங்கல் தெரியும், பற்றவைப்பில் விழுந்த விரிசல் தெரியாது. ஃபைபர் படகில் மேற்பூச்சில் விழும் மயிரிழைக் கீறல் வழியாக நீர் ஊறும். மோட்டாரின் அடித்துடுப்பு தரையில் மோதியிருந்தால் உள்ளே தண்டும் வளைந்திருக்கக்கூடும். மெக்கானிக் பார்த்த பிறகு அடுத்த வாரம் போகலாம்.

சக்கரம் முனையைத் தாண்டினால்

ரேம்பின் கான்கிரீட் கடலுக்குள் எங்கோ ஓரிடத்தில் முடிகிறது. மெல்பர்னின் போர்ட் ஃபிலிப் குடாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஒரு மீட்டர்கூட வித்தியாசம் இருக்காது. பக்கத்திலேயே இருக்கும் வெஸ்டர்ன் போர்ட்டில் அது மூன்று மீட்டரை நெருங்கும். காலையில் நீர் நிறைந்திருந்தபோது இறக்கிவிட்டுப் போனவர் மதியம் திரும்பும்போது, ரேம்ப் முனையை ஒட்டித்தான் தண்ணீர் நிற்கும். போதாக்குறைக்கு, படகை மோட்டார் வேகத்திலேயே டிரெய்லர் மேல் ஏற்றும் பழக்கம் பலருக்கு உண்டு. புரொப்பெல்லர் தள்ளும் நீர் முனைக்கு அப்பால் மண்ணை வாரிக் குழிபறித்துவிடும். அதனால்தான் பல ரேம்புகளில் அப்படி ஏற்றக் கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள். டிரெய்லர் சக்கரம் விழுவது அந்தக் குழியில்தான்.

'டங்' என்று ஒரு சத்தம், பின்பக்கம் சட்டென்று தாழும். அந்த நொடியில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதீர்கள். அச்சு கான்கிரீட் விளிம்பில் மாட்டியிருக்கிறது. மிதித்தால் ஸ்பிரிங் பிய்ந்து வரும், சில நேரம் அச்சே கழன்று வரும். படகு டிரெய்லர் மேல் இருந்தால் கொக்கியைக் கழற்றி அதைத் தண்ணீருக்குத் திருப்பித் தள்ளுங்கள். எடை போனதும், காரை ஒரு கையளவு பின்னால் விட்டு அச்சை விளிம்பிலிருந்து விடுவித்து, இரண்டு பேர் டிரெய்லரின் பின்சட்டத்தைத் தூக்க, கார் மெல்ல முன்னால் போனால் சக்கரம் ஏறிவிடும். தூக்கும் ஆட்கள் பக்கவாட்டில் நிற்க வேண்டும், பின்னால் அல்ல. அதற்கும் வரவில்லை, கடலும் ஏறத் தொடங்கிவிட்டது என்றால், டிரெய்லரைக் காரிலிருந்து கழற்றி நீளக் கயிற்றில் மேலே கட்டிவைத்துவிட்டுக் காத்திருப்பதே மேல். கார் மட்டும் அங்கே காத்திருக்கக் கூடாது. ஏறும் கடல் காருக்காக நிற்காது.

டார்வின் பக்கம் போகிறவர்களுக்கு: அங்கே ஏற்றவற்ற வித்தியாசம் எட்டு மீட்டர்வரை போகும். முதலையும் உண்டு. ரேம்பில் முழங்கால் தண்ணீரில் நின்று படகைப் பிடிக்கும் தெற்கத்திப் பழக்கத்தை அங்கே கொண்டுபோகாதீர்கள். எல்லா வேலையையும் டிரெய்லரின் முன்சட்டத்தில் நின்று, அல்லது படகுக்குள் இருந்து செய்ய வேண்டும்.

கார் சறுக்கினால்

ரேம்பின் கீழ்ப்பகுதி, ஏற்றத்தில் மூழ்கி வற்றத்தில் வெளியே தெரியும் அந்தப் பட்டை, பாசி படிந்த இடம். பெரும்பாலான கார்களில் ஹேண்ட்பிரேக் பின்சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும். பின்சக்கரங்கள் நிற்பதோ சரியாக அந்தப் பாசியில். கியரை 'P'யில் மட்டும் போட்டுவிட்டு இறங்குவது அதைவிட மோசம். காரும் டிரெய்லரும் படகும் சேர்ந்த எடை முழுவதையும் கியர்பெட்டிக்குள் இருக்கும் விரலளவு இரும்புத் துண்டு ஒன்று தாங்கிக்கொண்டிருக்கும். சரியான வரிசை: கால்பிரேக்கை மிதித்தபடியே ஹேண்ட்பிரேக்கைப் போடுங்கள். கால்பிரேக்கை மெல்ல விட்டு, எடை ஹேண்ட்பிரேக்கில் அமர்கிறதா, கார் நகராமல் நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு 'P'. பிறகு கட்டை. கட்டையில் கயிறு கட்டிக் காரில் மாட்டிவைத்தால் புறப்படும்போது தானே கூட வரும். இரண்டு பேர் போயிருந்தால் ஒருவர் ஸ்டீயரிங்கை விட்டு இறங்கவே வேண்டாம்.

சரிவில் இறங்கும்போது ஜன்னல் கண்ணாடி இறங்கியிருக்க வேண்டும், சீட்பெல்ட் கழன்றிருக்க வேண்டும். பிள்ளைகளும் நாயும் மேலேயே இறங்கியிருக்க வேண்டும். சாலையில் சொல்லித்தரும் பழக்கத்துக்கு நேர் எதிரானது இது. ரேம்பில் மட்டும் இதுதான் சரி.

ஆளில்லாத கார் நகரத் தொடங்கினால் விட்டுவிடுங்கள். இதை எழுதுவது எளிது, அந்த நேரத்தில் செய்வது கடினம் என்பது தெரியும். ஓடிப்போய்க் கதவைத் திறந்து பிரேக்கை மிதிக்க முயல்பவரைத் திறந்த கதவே கீழே தள்ளி இழுத்துக்கொண்டு போகும். பின்னால் நின்று தள்ளிப்பிடிப்பவர் காருக்கும் டிரெய்லருக்கும் நடுவில் மாட்டிக்கொள்வார். கீழே நிற்பவர்கள் காதில் விழும்படி கத்துங்கள். அதுதான் உங்களால் செய்யக்கூடிய ஒரே உதவி.

நீங்கள் உள்ளே இருக்கும்போது, பிரேக்கை மிதித்தும் கார் சறுக்குகிறது என்றால் சக்கரம் பூட்டிக்கொண்டு பாசியில் வழுக்குகிறது. நான்கு சக்கர இழுவை இருந்தால் தாழ்ந்த கியரில் மெதுவாக முன்னால் முயலலாம். நீர் கதவின் அடிவிளிம்பைத் தொட்டுவிட்டால் காரைக் காப்பாற்றும் வேலை முடிந்தது. கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தில் குளிர்நீர் விபத்துகளை ஆராய்ந்த கார்டன் கீஸ்பிரெக்ட், நீரில் விழுந்த கார்களில் பரிசோதனைகள் நடத்தியவர். அவர் சொல்லித்தரும் வரிசை: சீட்பெல்ட், ஜன்னல், வெளியே; வெளியேறும்போது பிள்ளைகள் முதலில். கார் மிதக்கும் முதல் ஒரு நிமிடம்தான் உங்கள் கையில் இருக்கிறது. கதவைத் திறக்க முயலக் கூடாது. வெளிநீரின் அழுத்தம் திறக்க விடாது, திறந்துவிட்டால் கார் இன்னும் வேகமாக மூழ்கும். தொலைபேசியைத் தேடக் கூடாது. வெளியே வந்து கரையேறிய பிறகு 000 அழைக்கலாம்.

மூழ்கிய காரை வெளியே எடுப்பது இழுவை வண்டிக்காரரின் வேலை. யாராவது நல்ல மனதோடு தன் வண்டியைக் கொண்டுவந்து, மீள்நீட்சிப் பட்டையை உங்கள் டோபாலில் மாட்டி இழுக்கிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். டிரெய்லரைத் தாங்கும் அந்த இரும்புக் குண்டு வெடுக்கென்ற இழுப்புக்காகச் செய்யப்பட்டது அல்ல. முறிந்தால் பீரங்கிக் குண்டாகத்தான் வரும், ஆஸ்திரேலியாவில் அப்படி உயிர்கள் போயிருக்கின்றன. வெளியே வந்த காரை ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள், சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் எஞ்சின் அங்கேயே முறியும். மின்கார் என்றால் உப்புநீர் புகுந்த பேட்டரி சில நாள் கழித்தும் தீப்பிடிக்கக்கூடும். தீயணைப்பு வீரர்களிடமும் இழுவை வண்டிக்காரரிடமும் அதைச் சொல்லிவிடுங்கள், வீட்டை ஒட்டி நிறுத்தவிடாதீர்கள்.

மேலே ஏறும்போது சக்கரம் சுழன்றால்

முன்சக்கர இழுவைக் கார்களுக்கு வரும் சிக்கல் இது. டிரெய்லரின் எடை பின்பக்கத்தை அழுத்த, முன்பக்கம் லேசாகும், சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். புகைவரும்வரை சுற்றவிடாமல் நிறுத்துங்கள். உலர்ந்த மணல், பழைய கம்பளத் துண்டு, கார் தரைவிரிப்பு எதையாவது சக்கரத்துக்கு முன்னால் போடலாம். டயரில் கொஞ்சம் காற்றை இறக்கலாம். இவற்றில் சரியாகாவிட்டால், ரேம்புக்கு மேலே காய்ந்த தரையில் நிற்கும் இன்னொரு வண்டியிலிருந்து நீளப்பட்டை போட்டு, உற்பத்தியாளர் கொடுத்திருக்கும் இழுவைப் புள்ளியில் மாட்டி, நிதானமாக நேராக இழுக்கச் சொல்லுங்கள். போனெட் மேல் நண்பர்களை உட்காரவைப்பது இங்கே அடிக்கடி பார்க்கக்கூடிய வைத்தியம். அதில் எனக்கு உடன்பாடு இல்லை.

இதே சிக்கல் திரும்பத் திரும்ப வருகிறதென்றால் கார் அந்தப் படகுக்குப் போதவில்லை என்று பொருள். டிரெய்லர் சுமையோடு 750 கிலோவைத் தாண்டினால் அதற்குத் தனி பிரேக் வேண்டும், 2000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரத்திலும் வேண்டும் என்பது சட்டம். படகு வாங்கும்போது விற்பவர் சொல்லும் எடையில் பெட்ரோலும் பேட்டரியும் ஐஸ்பெட்டியும் சேர்ந்திருக்காது. பொது எடைமேடையில் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள்.

சில சில்லறை விஷயங்கள்

தக்கை மறந்தது, படகு இறங்கிய சில நிமிடத்தில் தெரியும், பின்பாகம் தாழும். டிரெய்லர் இன்னும் தண்ணீரில் இருந்தால் அப்படியே திருப்பி ஏற்றி மேலே இழுத்து, தண்ணீர் தானே வடியட்டும். டிரெய்லர் போய்விட்டிருந்தால் பக்கத்து மணலில் படகைத் தரைதட்டவிட்டு, பம்பைப் போட்டு, வெளியிலிருந்து தக்கையை முறுக்குங்கள். படகுச் சாவிக் கொத்திலேயே உபரித் தக்கை ஒன்றைத் தொங்கவிடுவது நல்லது.

கயிறு கட்டாத படகு மிதந்து போய்விட்டால் பின்னால் நீந்தாதீர்கள். காற்று தள்ளும் வெற்றுப்படகு நீங்கள் நீந்துவதைவிட வேகமாகப் போகும். வரிசையில் அடுத்து இறங்குபவரைக் கேளுங்கள், மறுக்கமாட்டார்.

ரேம்பிலேயே டிரெய்லர் டோபாலிலிருந்து எகிறினால், சங்கிலி அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். காருக்கும் டிரெய்லருக்கும் நடுவில் புகும் முன் இரண்டின் சக்கரங்களுக்கும் கட்டை கொடுத்தாக வேண்டும். அதன்பின் ஜாக்கி சக்கரத்தை இறக்கி உயர்த்தி மாட்டலாம்.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் டிரெய்லரை நல்ல தண்ணீரில், பிரேக்கின் உட்புறம்வரை, கழுவுங்கள். காரின் பின்அச்சு நீரில் மூழ்கியிருந்தால் டிஃபரென்ஷியல் எண்ணெயையும் ஹப் கிரீஸையும் அந்த வாரத்திலேயே திறந்து பார்க்கச் சொல்லுங்கள். நிறம் வெளுத்துக் குழைந்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. பழையதை முழுக்கத் துடைத்தெடுத்து, சீலையும் புதிதாக மாற்றிய பிறகே அடுத்த பயணம்.